தாமதத்தின் விலை: அன்றும் இன்றும்

'வெயில் அடிக்கும்போதே புல்லைக் காயவை' என்ற ஆங்கிலப் பழமொழி, 1546-இல் ஜான் ஹேவுட் வெளியிட்ட பழமொழித் தொகுப்பிலேயே இருக்கிறது. அன்றைய இங்கிலாந்து உழவருக்கு அது பிழைப்பு. அறுத்த புல்லைப் பரப்பி, புரட்டிப் போட்டுக் காயவைக்கச் சில நாள் தொடர்ந்து வெயில் வேண்டும். நடுவே மழை பிடித்துக்கொண்டால் புல் பூசணம் பூத்துவிடும். குளிர்காலத்தில் மாடுகள் பட்டினி. இன்று அங்கே, முழுதும் காயாத புல்லையே பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் சுற்றிப் புளிக்கவைத்துத் தீவனமாக்குகிறார்கள். ஒரு நாள் வெயில் தவறினால் குடி முழுகிவிடாது.

'டெட்லைன்' என்ற சொல் இன்னும் கொடிய இடத்திலிருந்து வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864-இல், ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில் கைதி முகாமில் மதிலுக்குச் சற்று உள்ளே தாழ்வான ஒரு மர வேலி ஓடியது. அதைத் தாண்டும் கைதியைக் காவலர் சுட்டுவிடுவார். அந்த வேலிக்கு வழங்கிய பெயர்தான் 'டெட்லைன்'. பிறகு பத்திரிகை அலுவலகங்களில் கெடு நேரத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டது. இன்று சென்னை அலுவலகங்களிலும் டெட்லைன் உண்டு. கேட்டால் இரண்டு நாள் தள்ளியும் வைப்பார்கள்.

வாய்ப்பை நழுவவிட்டவனைக் 'கப்பலைத் தவறவிட்டான்' என்பார்கள் ஆங்கிலத்தில். 1944 கல்விச் சட்டத்துக்குப் பின் இங்கிலாந்தில் அந்தக் கப்பல் 11 வயதிலேயே புறப்பட்டது. அந்த வயதில் ஒரு தேர்வு. அதில் தோற்ற பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் பெரும்பாலும் எட்டாத தூரம். இன்று பெரும்பாலான பகுதிகளில் அந்தத் தேர்வு இல்லை. 1969-இல் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம், முன்தகுதி கேட்காமல் வயது வந்த எவரையும் பெரும்பாலான பட்டப்படிப்புகளில் சேர்த்துக்கொள்கிறது.

நிலைமை மாறியும் பேச்சில் பழைய அச்சம் அப்படியே இருக்கிறது. முப்பது வயதில் படிக்க வருகிறவரிடமும் 'காலம் கடந்துவிட்டது' என்கிறோம். உண்மையிலேயே காலம் கடந்துபோகும் இடங்கள் இன்றும் உண்டு. மூளை ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்துக்கு, ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். பதற்றம் அங்கே இருக்கட்டும். படிப்புக்கும் தொழிலுக்கும் பிந்தி வருகிறவரை, வாருங்கள் என்று அழைத்து உட்காரவைப்போம்.