தங்கவயலில் ஒப்பாரி

கோலார் தங்கவயலின் பெயரில் வயல் உண்டு; நெல் கிடையாது. 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் இங்கே சுரங்க வேலையைத் தொடங்கியதும், வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. பெரும்பாலோர் தலித் மக்கள். பெண்கள் ஊர்ப் பாட்டையும் கூடவே கொண்டுவந்தார்கள். நடவுப் பாட்டுக்கு இந்த மண்ணில் வேலை இல்லை. தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் இருந்தது.

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புக்கு 'லைன்' என்று பெயர். முதல் தலைமுறைகள் வாழ்ந்தவை மூங்கில் தட்டி அடைத்த ஒற்றை அறை வீடுகள். உலை வைப்பதும் களி கிண்டுவதும் ஷிப்டுச் சங்கை ஒட்டியே நடந்தன. இரவு ஷிப்டு முடித்தவர் பகலில் உறங்கும் அறையில்தான் கைக்குழந்தையும் கிடக்கும். அங்கே தாலாட்டு தகப்பனின் தூக்கத்துக்கும் காவல்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் அழுத்தம் தாங்காத பாறை திடீரென வெடித்துச் சிதறும். 'ராக் பர்ஸ்ட்' என்பார்கள். பெரிய வெடிப்பு என்றால் மேலே வீடுகளும் அதிரும். யாருக்கு என்ன ஆனது என்று தெரியும் முன்பே பெண்களின் வயிறு கலங்கிவிடும். வெடிப்புக்குத் தப்பியவர்களிலும் பலரைப் பாறைத்தூசி தந்த சிலிக்கோசிஸ் நோய் கொண்டுபோனது.

ஒப்பாரியில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள். ஒருத்தி எடுத்துக்கொடுப்பாள். மெட்டும் அடுக்கும் பழையவை. சேதி அன்றைய சாவுடையது. போனவரின் அருமை, நிற்கும் பிள்ளைகள், அடைபடாத கடன், கைவிட்ட பிறந்த வீடு எல்லாம் அதில் வரும். மற்ற நேரத்தில் வாய்திறந்து சொல்ல முடியாத மனத்தாங்கலையும் ஒரு பெண் அங்கே ஊரறியச் சொல்லிவிடலாம். கணவனைப் பொன்னே என்றும் தங்கமே என்றும் விளிப்பது தமிழ் ஒப்பாரியின் பழைய மரபு. தங்கம் தோண்டப் போய் மாண்டவனின் தலைமாட்டில் அந்தச் சொல்லுக்கு வேறொரு கனம் ஏறிவிடுகிறது.

சுமார் 120 ஆண்டுகளில் இங்கே ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. பிள்ளைகள் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள். சங்குச் சத்தத்தில் சமைத்த பாட்டிமார் லைன்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களின் பாட்டை, கன்னடமும் தெலுங்கும் கலந்த அவர்கள் பேச்சிலேயே, தங்கவயல் இளைஞர்கள் பதிவுசெய்ய வேண்டும். சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடக் கூடாது என்பது வழக்கம். ஆகவே பாட்டியை வெளியே மரத்தடிக்கு அழைத்துப்போய்க் கேளுங்கள்.