மதியிறுக்கம்: பயிற்சி வீட்டருகே வரட்டும்

மதியிறுக்கம் எனப்படும் ஆட்டிசம் கொண்ட குழந்தையைப் பெருநகரப் பயிற்சி மையத்திற்கு அழைத்துச் செல்ல, மாதந்தோறும் சேமிப்பிலிருந்து பணம் எடுக்கும் பெற்றோரைச் சிற்றூர்க் கிளைகளில் நாம் காண்கிறோம். பயிற்சிக் கட்டணத்தைக் காட்டிலும் பயணமும், தங்குமிடமும், இழந்த கூலியுமே அவர்களுக்குப் பெருஞ்சுமை. சேமிப்பு கரைந்ததும் பயிற்சியும் நின்றுவிடுகிறது.

மதியிறுக்கம் மருந்தினால் நீங்கும் நோயன்று. மூளை வளர்ச்சியில் அமைந்த வேறுபாடு. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, கண்ணோடு கண் நோக்காமை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமை, பேச்சு தாமதமாதல் ஆகியவை இதன் அறிகுறிகளாகலாம். இளவயதில் தொடங்கி, அன்றாடம் தொடரும் பயிற்சியே குழந்தைக்குத் துணை செய்யும். எப்போதோ ஒருமுறை மேற்கொள்ளும் நகரப் பயணம் அதற்கு ஈடாகாது.

வல்லுநர் இல்லாத ஊரில் இது இயலுமா? கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வொன்று 2016-இல் வெளியாயிற்று. அதில் குடும்பங்களுக்கு வழிகாட்டியவர்கள் மருத்துவ வல்லுநர்கள் அல்லர். பயிற்சி பெற்ற நலப் பணியாளர்களே. பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதை ஒளிப்பதிவு செய்து, அதைப் பெற்றோருடன் அமர்ந்து பார்த்து, குழந்தையின் சிறு சைகைகளையும் கவனித்து மறுமொழி தரக் கற்பித்தனர். எட்டு மாதங்களில், பெற்றோர் குழந்தையின் போக்கிற்கு இசைந்து பழகினர். குழந்தைகளும் தாமாகவே தொடர்புகொள்ள முற்படுவது கூடியது. சிறிய ஆய்வுதான்; எனினும் வீட்டையே பயிற்சிக்கூடமாக்க முடியும் என்பதை அது காட்டிற்று.

நம் வாடிக்கையாளர்கள் செய்யக்கூடியவை சில உள. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ், நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் வளர்ச்சித் தாமதத்தைக் கட்டணமின்றிப் பரிசோதிக்கின்றன. ஐயமுள்ள குழந்தைகள் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்பப்படுகின்றனர்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மதியிறுக்கத்தையும் அங்கீகரித்துள்ளது. எனவே, அரசு மருத்துவச் சான்றிதழைத் தவறாது பெறுங்கள். அதைக் கொண்டு தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் சேரலாம். முன் மருத்துவப் பரிசோதனையின்றி, ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை கிடைக்கும் இக்காப்பீட்டில் பயிற்சிச் செலவுகளும் வரையறைக்குட்பட்டு அடங்கும்.

பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் பெற்றோரின் இயல்பான காப்பாளர் உரிமை முடிவடைகிறது. அவர் தாமே கணக்கை இயக்க இயலாத நிலையில், தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் அமையும் உள்ளூர் நிலைக் குழுவிடம் காப்பாளர் சான்றிதழ் பெறலாம். வங்கிக் கணக்கைத் தொடங்கவும் இயக்கவும் அச்சான்றிதழ் ஏற்கப்படும்.

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இத்தகைய குழந்தை இருப்பின், "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திராதீர்கள். அடுத்த முறை அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு வரும் நாளைக் கேட்டறிந்து, குழந்தையை அழைத்துச் செல்லுங்கள்.