கப்பலின் அடித்தட்டில் வந்த மண்

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், காசில் பார்க் பூங்காவை ஒட்டிய துறைமுக நீரில், தானியம் சுமந்து ஓய்ந்த பழைய தோணி ஒன்று 2012-இல் தோட்டமாக மாறியது. அங்கே வளர்ந்தவற்றுள் மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்த ஒரு காட்டு வெள்ளரியும் உண்டு. காய் முற்றியதும் காம்பைவிட்டுத் தெறித்து, சாற்றோடு விதைகளைப் பல அடி தூரம் பீய்ச்சும். அந்தக் குளிர் தேசத்துக்கு இப்படியொரு செடி எப்படி வந்திருக்க முடியும்? கப்பலில் கொட்டிய மண்ணோடுதான்.

சரக்குக் குறைந்த பாய்மரக் கப்பல் கடலில் நிலைகொள்ளாது. பலத்த காற்று அடித்தால் சாய்ந்துவிடும். அதனால் புறப்படும் கரையில் கிடைத்த மண், கல், சரளையை அள்ளி அடித்தட்டில் பாரமாகப் போடுவார்கள். போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் சரக்கேற்ற இடம் வேண்டுமே, அங்கே அதைக் கொட்டிவிடுவார்கள். பிரிஸ்டலில் 1680 முதல் 1900-களின் தொடக்கம்வரை இது நடந்தது.

அந்த மண்ணில் விதைகள் உறங்கின. விதையின் பொறுமை மனிதக் கணக்குக்குள் அடங்காது. அமெரிக்காவில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 1879-இல் மணலோடு குப்பிகளில் அடைத்துப் புதைத்த விதைகளில் சில, 142 ஆண்டுகள் கழித்து 2021-இல் முளைத்தன.

பிரேசில் கலைஞர் மரியா தெரேசா ஆல்வெஸ் இந்தப் பொறுமையை நம்பித்தான் 1999-இல் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் வேலையைத் தொடங்கினார். பழைய துறைமுகங்களில் கப்பல் மண் கொட்டிய இடங்களைத் தேடி, அந்த மண்ணை எடுத்துவந்து, நீரூற்றி, என்ன முளைக்கிறது என்று பார்த்தார். பிரிஸ்டலின் மிதக்கும் தோட்டம் அந்தத் தேடலில் விளைந்ததே. வடிவமைத்தவர் கிட்டா ஷ்வெண்ட்னர். செடிகளைப் பேணியது பிரிஸ்டல் பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டம்.

பிரிஸ்டலில் இந்தத் தோட்டம் முளைத்ததற்குத் தனிக் கனம் உண்டு. 1698-க்கும் 1807-க்கும் இடையில் இந்நகர வணிகர்களின் கப்பல்கள் சுமார் 5 லட்சம் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக்கி அட்லாண்டிக்கைக் கடந்து கொண்டுசென்றன. சர்க்கரையும் புகையிலையும் கணக்கேட்டில் ஏறின. மனிதர்களும் சரக்காகவே ஏறினார்கள். மண் மட்டும் சரக்காக எண்ணப்படவில்லை. அந்த மண்ணோடு வந்த செடிகள், கப்பல்கள் தொட்ட கரைகளைக் காட்டிக்கொடுத்தன. இதே செடிகளைப் பூங்காத் தரையில் நட்டிருந்தால் இன்னொரு பூப்பாத்தியாகப் போயிருக்கும். கப்பல்கள் வந்து நின்ற அதே நீரில் அவற்றை மிதக்கவிட்டதில்தான் வடிவமைப்பின் நுட்பம் இருக்கிறது. விளக்கப் பலகையைப் படிக்காதவருக்கும், இவை கடல் கடந்து வந்தவை என்று தோணியே சொல்லிவிட்டது.

ஆல்வெஸ் 2017-இல் இந்தப் பணியை நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார். அங்கே இதற்கு ஒரு முன்னோடி இருந்திருக்கிறார்: அடிசன் பிரவுன் என்ற வழக்கறிஞர், பின்னாளில் நீதிபதி. 1879-லும் 1880-லும், கப்பல் மண் கொட்டிய மேடுகளில் முளைத்த அயல் செடிகளைத் தேடிப் பட்டியலிட்டுப் பதிப்பித்தார். சதுப்பையும் நீரோரப் பள்ளங்களையும் மேடாக்க அந்நகருக்கு மண் தேவைப்பட்டது. எங்கிருந்தோ வந்த மண் நகரத்தின் தரையானது.

மண் போன பாதையில் பின்னர் செங்கல்லும் போயிற்று. காசில் பார்க் இன்று புல்வெளியாகத் தெரிகிற இடம், ஒரு காலத்தில் பிரிஸ்டலின் கடைவீதி. 1940 நவம்பரில் ஜெர்மானிய விமானக் குண்டுகள் அதை அழித்தன. போர்த் தளவாடங்களை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பவிருந்த கப்பல்கள், நகரத்தின் இடிபாடுகளை அடிப்பாரமாக ஏற்றிக்கொண்டு நியூயார்க் சென்றன. அவற்றைக் கொட்டி நிரப்பிய இடம் மன்ஹாட்டனின் கிழக்குக் கரையில், 25-ஆம் தெருவுக்கு அருகே இருக்கிறது. அதைச் சொல்லும் பலகை ஒன்று 1942-இல் அங்கே வைக்கப்பட்டது. இடத்துக்குப் பெயர் 'பிரிஸ்டல் பேசின்'. ஆற்றோர நெடுஞ்சாலையின் கார்கள் இன்றும் அந்தச் செங்கற்களுக்கு மேலேதான் ஓடுகின்றன.