ரப்பரும் சூடும்

அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். அதைச் சட்டென்று இழுங்கள். இழுத்தபடியே உதட்டில் வைத்துப் பாருங்கள். இலேசான சூடு தெரியும். சிறிது நேரம் அப்படியே பிடித்திருங்கள். பிறகு தளர்த்தி, மறுபடியும் உதட்டில் வையுங்கள். இப்போது குளிர்ச்சியாக இருக்கும்.

இங்கிலாந்தில் ஜான் கஃப் என்பவர் இதைச் சோதித்து, 1805-இல் வெளியிட்டார். அவர் பார்வை இழந்தவர். உதட்டால் தொட்டே இதை அறிந்தார். இன்னொன்றையும் கண்டார். ரப்பர் பட்டையில் எடையைத் தொங்கவிட்டுச் சூடேற்றினால், பட்டை சுருங்கும். எடை மேலே ஏறும். இரும்பு சூட்டில் நீளும். இழுபட்ட ரப்பர் அதற்கு நேர் எதிர்.

காரணம் என்ன? ரப்பருக்குள் கண்ணுக்குத் தெரியாத நீண்ட இழைகள் உள்ளன. அவை சிக்குப் பிடித்த நூல்போல் சுருண்டு கிடக்கின்றன. எப்போதும் அசைந்துகொண்டே இருக்கின்றன. இழுத்தால் வரிசையாக நீளும். சூடு கூடினால் அசைவு கூடும். மீண்டும் சுருளப் பார்க்கும். குளிரில் அசைவு குறையும். ரப்பர் விறைத்துப் போகும்.

இந்த விறைப்பு உயிர்களையும் பறித்திருக்கிறது. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவில் சேலஞ்சர் விண்கலம் புறப்பட்டது. முந்தைய இரவு கடுங்குளிர். ராக்கெட்டின் இணைப்பில் உள்ள ரப்பர் வளையம் குளிரில் சரியாக வேலை செய்யாது என்று பொறியாளர்கள் முதல் நாளே எச்சரித்தார்கள். மேலதிகாரிகள் கேட்கவில்லை. விறைத்த வளையம் இடைவெளியை அடைக்கவில்லை. சூடான வாயு கசிந்தது. 73 நொடியில் விண்கலம் சிதறியது. அதில் சென்ற 7 பேரும் இறந்தார்கள்.

விசாரணையின்போது ரிச்சர்டு ஃபைன்மன் என்ற அறிவியலாளர் அந்த ரப்பர் துண்டை நசுக்கி, ஐஸ் தண்ணீரில் போட்டார். எடுத்துத் தளர்த்தினார். அது உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. எல்லோருக்கும் புரிந்தது.

ஆகவே ரப்பர் பொருள் செய்பவர்கள் முன்கூட்டியே கணக்குப் போடுகிறார்கள். எவ்வளவு இழுபடும்? எவ்வளவு சூடு தாங்கும்? கணினியில் கணக்கிடுகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் இழுத்தும் நசுக்கியும் சரிபார்க்கிறார்கள்.

லாரி டயரும் அப்படித்தான். ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சூடு டயரில் தங்குகிறது. காற்று குறைந்தால் டயர் அதிகமாக நசுங்கும். சூடு ஏறும். ஓடும்போதே வெடிக்கவும் கூடும். அதனால்தான் எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். வண்டி கிளம்பும் முன், டயர் ஆறியிருக்கும்போதே காற்றைச் சரிபாருங்கள்.