மரம் ஏறும் பட்டி: வாங்குமுன் தொங்கிப் பாருங்கள்

தேயிலைக்கு நிழல் வேண்டும். ஆனால் மழையும் மூட்டமும் உள்ள மாதங்களில் அந்த நிழலே கூடிப்போனால் செடி காயாமல் ஈரத்திலேயே நிற்கும், கொப்புள நோய் பரவும். ஆகவே தென்மேற்குப் பருவமழை இறங்குமுன் சவுக்கு, முள்முருக்கு, அல்பீசியா போன்ற நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்துவிடுவது தோட்டங்களில் வழக்கம். ஒவ்வொரு டிவிஷனிலும் இந்த வேலைக்கென்று பழகிய சிலர் இருப்பார்கள். அவர்களில் பலர் தோட்ட வேலை முடிந்த பிறகு கைக்காசுக்கும் வெளியே மரம் கழிக்கப் போகிறவர்கள். அப்படி ஏறுகிறவர்கள் இடுப்பில் எதைக் கட்டிக்கொண்டு ஏறுகிறார்கள் என்பதைப் பற்றி இம்முறை எழுதுகிறோம். ஏறுகிறவர் மட்டுமல்ல, அவருடைய வீட்டாரும் இதைப் படிக்க வேண்டும் என்பது எமது விருப்பம்.

"எங்கப்பன் தென்னங்கயித்த இடுப்புல சுத்திக்கிட்டு ஏறுனவரு, அவருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், பட்டி கொடுத்தும் போடாதவர்கள் உண்டு. ஏன் போடவில்லை என்று கேட்டால், "அது கடிக்குது ஐயா, ரெண்டு மரத்துக்கு மேல தாங்காது" என்பார்கள். இந்தப் பதிலை நாங்கள் சோம்பேறித்தனமாக எடுத்துக்கொள்வதில்லை. அது உண்மையான பதில். கடிக்கிற பட்டியைக் காலை எட்டு மணிக்கு இறுக்கமாகப் போட்டவர் பத்து மணிக்குத் தொடைப் பட்டியைத் தளர்த்துவார், பதினொரு மணிக்குக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு மிச்ச மரங்களை வெறுங்கையோடு முடிப்பார். பேர் முழுசாக விழ வேண்டும் அல்லவா? உடம்புக்குச் சுகமான பட்டி என்பது சொகுசு அல்ல. போட்டபடியே நாள் முழுக்க இருக்கக்கூடிய பட்டிதான் ஆளைக் காப்பாற்றும்.

கடைகளில் மூன்று விதம் கிடைக்கும். மூன்றையும் கடைக்காரர் "சேஃப்டி பெல்ட்" என்றே சொல்லித் தரக்கூடும், ஆகவே வித்தியாசத்தை நாமே தெரிந்து வைத்திருக்க வேண்டும். முதலாவது வெறும் இடுப்புப் பட்டி. பக்கத்துக்கு ஒரு வளையம், மரத்தைச் சுற்றிப் போட ஒரு கயிறு. காலுக்கு ஊன்ற இடம் இருக்கும்போது சாய்ந்து நிற்க மட்டுமே அது உதவும். கால் வழுக்கித் தொங்கினால் பட்டி நெஞ்சுக்கு ஏறி மூச்சை அடைக்கும். இரண்டாவது, கட்டட வேலைக்காரர்கள் போடும் முழு உடல் பட்டி. அதன் பிரதான வளையம் முதுகில் இருக்கும். உயரத்திலிருந்து விழுபவரைப் பிடித்து நிறுத்த அது நல்ல சாமான்தான், ஆனால் முதுகில் தொங்கிக்கொண்டு கிளையை அறுக்க முடியுமா? மூன்றாவதுதான் மரவேலைக்கென்றே செய்யப்பட்டது. சேடில் ஹார்னஸ் என்பார்கள், குதிரைச் சேணம் மாதிரி உட்காரலாம் என்பதால் அந்தப் பெயர். அகலமான இடுப்புப் பட்டி, இரண்டு தொடைப் பட்டிகள், இடுப்பின் இரு பக்கமும் வளையங்கள், முன்பக்கம் தொப்புளுக்குக் கீழே ஏறு கயிறு மாட்டும் வளையம். இதைத்தான் இங்கே இருக்கைப் பட்டி என்று சொல்கிறோம்.

பட்டியில் தைத்திருக்கும் துணித் துண்டைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூட்டிப் போனாலும் சரி. ஐரோப்பியத் தரத்தில் செய்தது என்றால் ஈஎன் 358 என்பது சாய்ந்து வேலை செய்யும் இடுப்புப் பட்டிக்கும், ஈஎன் 813 என்பது உட்காரும் பட்டிக்கும், ஈஎன் 361 என்பது விழுபவரைத் தாங்கும் முழு உடல் பட்டிக்கும் உரிய எண்கள். மரம் கழிக்க 358, 813 இரண்டும் போட்ட பட்டியைத் தேடுங்கள். எண்ணே இல்லாத பட்டியையும், பழைய வாகன சீட் பெல்ட்டை அறுத்துத் தைத்த பட்டியையும் விலை குறைவு என்று வாங்காதீர்கள்.

இனி அளவு. வேலைக்குப் போடும் உடுப்போடுதான் அளக்க வேண்டும். குளிர்காலத்தில் ஜேர்சி போட்டு ஏறுபவர் ஜேர்சியோடு அளக்கட்டும். சாரத்தோடு தொடைப் பட்டி போட முடியாது, காற்சட்டை அவசியம். இடுப்புப் பட்டி இடுப்பு எலும்புக்கு மேலே உட்கார வேண்டும். இறுக்கிய பிறகு இரண்டு கையாலும் கீழே இழுத்துப் பாருங்கள், எலும்பைத் தாண்டி இறங்கினால் அது பெரிய பட்டி. தலைகீழாகப் புரண்டால் ஆள் அதிலிருந்து நழுவிவிடுவார். தொடைப் பட்டிக்கும் தொடைக்கும் நடுவில் விரித்த கை போக வேண்டும், மூடிய கை போகக்கூடாது. கொக்கிக்கு வெளியே பட்டியின் வால் ஒரு சாண் அளவாவது மிச்சம் இருக்கட்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் காசைக் கொடுத்துவிடாதீர்கள். பட்டி எப்படி என்பதை நின்றுகொண்டு அறிய முடியாது, தொங்கினால்தான் தெரியும். கடையிலோ ஸ்டோரிலோ பலமான உத்தரம் இருந்தால் அதில், இல்லையென்றால் வெளியே பலமான தாழ்ந்த கிளையில் கயிற்றைப் போட்டு, தரையிலிருந்து அரை அடி உயரத்தில் பத்து நிமிடம் தொங்குங்கள். கத்தி, கைவாள் எல்லாம் இடுப்பில் இருக்கட்டும். சும்மா தொங்காமல் பின்னால் சாயுங்கள், பக்கவாட்டில் எட்டுங்கள், தலைக்கு மேலே வாள் பிடிப்பது போல் கையைத் தூக்குங்கள், ஒவ்வொரு முழங்காலாக மடக்குங்கள். முதல் நிமிடத்தில் எல்லாப் பட்டியும் சுகமாகத்தான் இருக்கும். ஆறாம், ஏழாம் நிமிடத்தில்தான் உண்மை வெளியே வரும்.

எங்கே வலிக்கிறது என்று கவனித்தால் என்ன குறை என்பது தெரிந்துவிடும். கவட்டில் அறுத்தால் தொடைப் பட்டி ஒடுக்கம், அல்லது மேலே ஏறிவிட்டது. பட்டி விலா எலும்புக்கு ஏறி வந்தால் தொடைப் பட்டி தளர்வு, உடம்பின் பாரம் முழுக்க இடுப்புப் பட்டியில் விழுகிறது. பாரம் பெரும்பாலும் தொடையில் இருக்க வேண்டும். உடம்பு தானாகப் பின்னால் கவிழ்ந்தால் முன் வளையம் உங்களுக்குத் தாழ்வு. இடுப்பு எலும்பின் பக்கத்தில் குத்தினால் பக்க வளையங்கள் பொருந்தவில்லை. எமது ஆட்களில் அநேகர் மெலிந்த உடம்புக்காரர், ஆகவே இந்தக் குறை அடிக்கடி வரும். பெரிய உடம்புக்குச் செய்த பட்டியை இறுக்கிக் கட்டினால் வளையம் முன்னுக்கு வந்துவிடும், சின்ன அளவு கேட்டு வாங்க வேண்டும். கால் மரத்துப் போனால் இறக்கி, தளர்த்தி மறுபடி தொங்குங்கள். இரண்டாம் தடவையும் மரத்தால் அந்தப் பட்டி வேண்டாம்.

தடித்த மெத்தை வைத்த பட்டியைக் கண்டு மயங்கிவிட வேண்டாம். எமது மழையில் அந்த மெத்தை தண்ணீரைக் குடித்துப் பாரமாகும், அடுத்த நாளும் காயாது. மெத்தையின் தடிப்பை விடப் பட்டியின் அகலம் முக்கியம். தொடைப் பட்டிக்குப் பதிலாகப் பலகை வைத்த இருக்கையும் உண்டு. ஒரே மரத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து வெட்ட அது சுகம். ஆனால் சரிவான மலையில் மரத்துக்கு மரம் நடந்து ஏறி இறங்குபவருக்குப் பலகை காலைத் தட்டும். தோட்ட வேலைக்குத் தொடைப் பட்டியே மேல் என்பது எமது அபிப்பிராயம்.

நல்ல பட்டி கிடைத்துவிட்டது என்று துணிந்துவிடவும் கூடாது. இருக்கைப் பட்டி உட்காருவதற்கு, விழுவதற்கு அல்ல. கயிறு எப்போதும் இறுக்கமாக, கட்டிய இடம் உங்களுக்கு மேலே இருக்க வேண்டும். தளர்ந்த கயிற்றோடு நாலடி விழுந்தாலும் முதுகெலும்பு தாங்காது. வாள் போடும் நேரத்தில் ஏறு கயிறு ஒன்று, மரத்தைச் சுற்றிய பக்கக் கயிறு ஒன்று என இரண்டு பிடி வேண்டும். வாள் ஒன்றை அறுத்தாலும் மற்றது இருக்கும். செயின்சோ பாவிப்பவர்கள் பக்கக் கயிறாக உள்ளே இரும்பு வடம் உள்ளதைப் போடுவார்கள். முள்முருக்கும் அல்பீசியாவும் சொல்லாமல் முறியும் மரங்கள், அவற்றில் கயிறு கட்டும் கிளையை இரண்டு தரம் பாருங்கள்.

வீட்டாரும் கூட வேலை செய்பவர்களும் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. அசையாமல் பட்டியில் தொங்கிக்கொண்டிருப்பவருக்குக் காலில் இரத்தம் தேங்கி மயக்கம் வரும், உயிரும் போகலாம். எனவே தனியாக ஒருவரும் மரம் ஏறக்கூடாது. ஏறி இறக்கத் தெரிந்த இன்னொருவர் வேறு பட்டியோடு கீழே நிற்க வேண்டும். தொங்குபவருக்கு நினைவு இருந்தால் கயிற்றில் ஒரு வளையம் போட்டு அதில் காலை ஊன்றச் சொல்லுங்கள், காலை ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். நினைவு தப்பினால் தாமதிக்காமல் இறக்கி, மல்லாக்கப் படுக்கவைத்து, மூச்சு இருக்கிறதா என்று பார்த்து, 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் வரச் சொல்லுங்கள். லொறியில் தூக்கிப் போட்டுக் குலுக்கிக்கொண்டு போவது முதுகு அடிபட்டவருக்கு ஆபத்து.

விபத்து நடந்தால் அன்றைக்கே தோட்டத்துப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள். வேலை நேரத்தில் வேலையின் காரணமாக ஏற்படும் காயத்துக்கு 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி நட்டஈடு கேட்கலாம். எழுத்தில் இல்லாத விபத்தைப் பிறகு நிரூபிப்பது கஷ்டம். பட்டி வாங்கித் தரும்படி கேட்பதையும் தனித்தனியாகக் கேட்காமல், மரம் ஏறுபவர்கள் சேர்ந்து தலைவர் மூலம் கேளுங்கள். ஒரே அளவில் பத்து வாங்காமல் ஆளைக் கூப்பிட்டு அளந்து வாங்கும்படி அப்போதே சொல்லிவிடுங்கள்.

பட்டியை லயத்தில் அடுப்புக்கு மேலே தொங்கவிடாதீர்கள், சூட்டில் நைலோன் கெட்டுவிடும். வெயிலும், பற்றரி அமிலமும் அப்படியே. சவர்க்காரம் கொஞ்சம் போட்டு அலசி, நிழலில் காயவிட்டால் போதும். ஒவ்வொரு நாளும் ஏறுமுன் தையலை விரலால் தடவிப் பாருங்கள். நூல் அறுந்திருந்தால் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்துத் தைக்கக்கூடாது. பலமாக விழுந்து தாங்கிய பட்டியை, பார்க்க நன்றாக இருந்தாலும், மறுபடி பாவிக்கக்கூடாது. பாவிக்காமல் வைத்திருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் நம்ப வேண்டாம். அப்படி ஒதுக்கியதை மூலையில் போட்டால் பையன் ஒருவன் எடுத்து ஏறுவான். துண்டு துண்டாக வெட்டிவிடுங்கள், மாடு கட்ட உதவும்.