கார்த்திகையில் படித்த கடல் கதைகள்

போன கார்த்திகை மாசம் எங்கள் குப்பத்தில் பாதி நாள் புயல் எச்சரிக்கைதான். படகெல்லாம் மணலில் ஏறிவிட்டது. வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைத் தைக்க, லூப் ரோடு அங்காடியில் மீன் விற்கிற என் அத்தையும் (மாமியாரைத்தான் சொல்கிறேன்) வீட்டிலேயே இருந்தார். கையில் காசில்லாத மாசத்தில் காசு கேட்காத இடம் கிளை நூலகம் ஒன்றுதான். நான் பத்தாவது வரை படித்தவள். நம்ம கதையை எப்படித்தான் எழுதியிருக்கிறார்கள், பார்ப்போமே என்று கடல் நாவலாகத் தேடி மூன்று எடுத்து வந்தேன்.

முதலில் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’. 1977-ல் வந்த சின்னப் புத்தகம், இரண்டே நாளில் முடிந்தது. மணப்பாட்டில் நடக்கிற கதை. லாஞ்சு வந்த பிறகு வல்லக்காரர்கள் படுகிற பாடு. வல்லத்தை விற்கச் சொல்லும் மகன், மனசு வராத அப்பா. எங்கள் வீட்டில் கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்தபோது மாமனாரின் பழைய மரத்தை விறகுக்குக் கொடுக்க அத்தை விடவே இல்லை. அது ஞாபகம் வந்துவிட்டது. காதலித்தவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்ட பிறகும் பிலோமி யாரையும் சபிக்கவில்லை. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது!

அடுத்து ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’, 2004-ல் வந்தது. தலையணை மாதிரி இருக்கிறது. அந்த ஊர்ப் பேச்சு பிடிபடவே ஒரு வாரம் ஆயிற்று. நடுக்கடலில் மூன்று பேர் தத்தளிக்கிற இடத்தை வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “எழுதினவரு கடல்ல போனவருதான்” என்றார். அவரிடம் அது பெரிய பாராட்டு.

மூன்றாவதுதான் ‘செம்மீன்’. தகழி சிவசங்கரப் பிள்ளை 1956-ல் மலையாளத்தில் எழுதியது, தமிழில் சுந்தர ராமசாமி. 1965-ல் படமாகவும் வந்து ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் வாங்கியது. கரையில் இருக்கிற மனைவி ஒழுக்கமாக இருந்தால்தான் கடலில் போன புருஷன் உயிரோடு திரும்புவான் என்று அந்த ஊரே நம்புகிறது. கறுத்தம்மாவைப் பற்றி வதந்தி கிளம்பியதும் அவள் புருஷன் பழனியைத் தங்கள் தோணியில் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள் கூட்டாளிகள்.

தோழிகளே, இது எனக்கு வெறும் கதை இல்லை. கல்யாணமான இரண்டாம் வருஷம் எஞ்சின் நின்றுபோய் என் வீட்டுக்காரர் ஒன்றரை நாள் கரை சேரவில்லை. அன்று காலை நான் என் அம்மா வீட்டு விசேஷத்துக்குப் போய் வந்திருந்தேன். “அவன் கடல்ல இருக்கும்போது பூ வச்சிக்கினு எங்கே போனே நீ?” என்று தெருவே கேட்க அத்தை கேட்டார். வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. அவர் பத்திரமாக வந்த பிறகும் அந்தக் கேள்வி என் நெஞ்சைவிட்டுப் போகவில்லை.

அதனால் கொஞ்சம் வேண்டுமென்றேதான் இதை அத்தைக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்தேன், தினம் ராத்திரி சீரியல் முடிந்ததும். அவருக்குப் படிக்கத் தெரியாது. பழனி தனியாகப் போய்ச் சுறாவோடு மல்லுக்கட்டும் இடம் வந்தபோது முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். முடித்ததும் வெகுநேரம் பேச்சே இல்லை.

பிறகு மெதுவாகச் சொன்னார்: “உன் மாமனாரு கரைக்கு வராத அன்னிக்கு என்னையும் கேட்டாங்க, நீ இன்னா தப்பு பண்ணேன்னு. நான் காலையிலேர்ந்து கூடையைத் தலையில வச்சிக்கினு மாட வீதியில நெத்திலி வித்துக்கினு இருந்தேன்.”

இத்தனை வருஷத்தில் அத்தை இதை என்னிடம் சொன்னதே இல்லை. அவர் மேல் எனக்கிருந்த கோபம் முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அன்று ராத்திரி அவர் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தேன்.

விளக்கை அணைத்த பிறகு கேட்டார்: “ஏம்மா, அந்தப் பொண்ணோட கொழந்தைய யாரு வளர்த்தாங்க?”

கடைசியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தங்கை பஞ்சமி கரையில் அழுதுகொண்டு நிற்கிறாள். அதோடு கதை முடிகிறது. அதைத்தான் சொன்னேன். “அப்ப அவதான் வளர்த்திருப்பா” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

- ஒரு வாசகி, நொச்சிக்குப்பம், சென்னை