கல்முனையிலிருந்து தெற்கே ஒரு பஸ் வழி

கிழக்குக் கரைக்கான இருப்புப்பாதை 1928 ஆம் ஆண்டில் மட்டக்களப்பை அடைந்து, அங்கேயே நின்றுவிட்டது. ஆதலால் சொந்த வாகனம் இல்லாதவர் அம்பாறைக் கரையோரத்தைக் காண விரும்பினால் பஸ்வண்டியையே நாட வேண்டும். அதனை ஒரு குறையாகக் கொள்ள வேண்டுவதில்லை. கல்முனையிலிருந்து பொத்துவில் வரை ஏறத்தாழ 70 கிலோமீற்றர் ஓடும் அவ்வீதி, அப்பிரதேசத்தின் அமைப்பைப் பாடநூலினும் தெளிவாகக் காட்டிவிடும்.

தெற்கு நோக்கிச் செல்கையில் இடப்பக்கம் கடல், வலப்பக்கம் வயல். இரண்டிற்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றிடலிலேயே ஊர்கள் நெருங்கி அமைந்துள்ளன. கடலோ வீடுகளுக்கும் தென்னைகளுக்கும் பின்னே மறைந்துவிடும். ஆகவே வலப்பக்க யன்னலோரமே நல்ல இடம். கல்முனைக்குடி எங்கே முடிந்து சாய்ந்தமருது எங்கே தொடங்குகிறது என்பது வெளியூராருக்குப் புலப்படாது. இந்நெருக்கத்தினாலேதான் 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கியபோது இவ்விடங்களில் உயிரிழப்பு மிகுந்தது. அடுத்து வருவது சுவாமி விபுலானந்தர் 1892 இல் பிறந்த காரைதீவு, அதன்பின் நிந்தவூர். முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் இவ்வாறு மாறிமாறி வருவதை நடத்துநரின் குரலைக் கேட்டே அறிந்துகொள்ளலாம்.

வலப்பக்க வயல்களின் பசுமைக்குக் காரணம் பட்டிப்பளையாறு. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் அந்த ஆறு இங்கினியாகலையில் மறிக்கப்பட்டுச் சேனாநாயக்க சமுத்திரமாயிற்று. அதனைக் காண விழைவோர் சம்மாந்துறை வழியாக அம்பாறைக்குச் செல்லும் பஸ்ஸில் ஏறி, அங்கே வண்டி மாற வேண்டும்.

அக்கரைப்பற்றைக் கடந்ததும் ஊர்கள் அருகுகின்றன. திருக்கோவிலில் முருகன் ஆலயம் கடலை அடுத்து நிற்கிறது. பின்னர் கோமாரி, பொத்துவில். கடற்கரை மணலிடையே முகுது மகா விகாரையின் இடிபாடுகள் உள்ளன. சிங்களத்தில் ‘முகுது’ என்பது கடலைக் குறிக்கும். அறுகம்குடா அண்மையிலேயே உள்ளது. அலைச்சறுக்கலுக்காக வரும் வெளிநாட்டார் அதனை நன்கறிவர்.

உள்ளூரார் அறியாதது லாகுகல. மொனராகலை செல்லும் பஸ் அவ்வழியே போகும். அங்குள்ள மகுல் மகா விகாரையில், பாகர் அமர்ந்த யானைகள் செதுக்கப்பட்ட சந்திரவட்டக்கல் ஒன்று உண்டு. காவந்திஸ்ஸ மன்னன் விகாரமகாதேவியை மணந்த இடம் அதுவே என்பது பழங்கதை. 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் காட்டோரப் பாதைகள் அஞ்சத்தக்கனவாயிருந்தமையால், ஒரு தலைமுறை இவற்றைக் காணாமலே வளர்ந்துவிட்டது. கல்முனைப் பிள்ளைகள் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் சுற்றுலாச் செல்கின்றனர். தம் மாவட்டத்தில் அயலவர் போற்றும் இவ்விடத்தைக் கண்டவர் சிலரே. இது வருந்தத்தக்கது. பஸ் கட்டணம் ஒரு தடையன்று.

விகாரை வாயிலில் காலணியைக் களைய வேண்டும். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்தலாகாது. மாலையில் லாகுகலக் குளத்தைச் சுற்றி யானைகள் நடமாடும். சில வேளைகளில் வீதிக்கும் வரும். ஆதலால் பொழுது சாயுமுன் பொத்துவில் திரும்பும் வண்டியைப் பிடித்துவிட வேண்டும்.